பதினேழாம் பெட்டியில் ஓநாய்

செவ்வாய், காலை

ஹோல்மா ஊரின் பொதுக் குளிர்கிடங்கில் இயந்திரம் நின்றுபோனதை முதலில் கண்டவர் ஹால்வார். மகளின் பிறந்தநாளுக்கு ஆட்டுத்தொடை எடுக்க வந்தவர், கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். தரையில் சிவந்த தண்ணீர் தேங்கியிருந்தது.

மூடிப்போன பால் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சிமென்ட் கட்டடம் அது. உள்ளே வரிசையாக மரக்கதவு போட்ட பெட்டிகள். வீட்டுக்கு ஒன்று. எல்க் மான் இறைச்சி, ஏரி மீன், காட்டுப் பழங்கள். ஹால்வார் தண்ணீர் வந்த வழியே போனார். அது பதினேழாம் பெட்டியிலிருந்து வந்தது. அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரியான பள்ளி ஆசிரியை இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சாவி வாசல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

திறந்தார். சாக்குக்குள்ளிருந்து ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. நாய் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு பாதத்தின் அளவைப் பார்த்தார்.

போலீசை அழைத்ததும் அவர்தான். காட்டு விலங்குக் குற்றங்களை விசாரிக்கும் வெண்டெலா நண்பகலில் வந்து சேர்ந்தபோது, ஹால்வார் வாசலிலேயே மறித்துச் சொன்னார்.

"நான் கொல்லல. ஆனா கொன்னவனுக்குக் கை குடுப்பேன். இதையும் எழுதிக்க."

"யாருன்னு தெரிஞ்சா நானே கூட்டிட்டு வரேன். கையக் கழுவி வச்சிரு" என்றார் வெண்டெலா.

வேட்டைக் குழுவின் இறைச்சிக் கொட்டகையில் மேசை போட்டுக் கால்நடை மருத்துவர் உடலைப் பார்த்தார். வளர்ந்த ஆண். இடது தோளுக்குப் பின்னால் ஒரே குண்டு, சுத்தமான அடி. தோலையும் தலையையும் யாரும் தொடவில்லை. வயிறு மட்டும் பின்பக்கமாகக் கீறப்பட்டிருந்தது. இதயம், ஈரல், இரைப்பை எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பெருங்குடலைக் காணோம்.

"வேட்டைக்காரன் குடலை எடுக்குற வழக்கம்தானே?" என்றார் வெண்டெலா.

"எடுத்தா மொத்தமா எடுப்பான். கறி கெடக்கூடாதுன்னுதானே எடுக்குறது? இது வேற மாதிரி இருக்கு."

குண்டுக் காயத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்தது. அதில் ஒரு தட்டையான ஈ ஒட்டிக்கொண்டு கிடந்தது, இரண்டு இறகும் விரிந்தபடி. மருத்துவர் அதை இடுக்கியால் எடுத்து ஒரு குழாயில் போட்டார்.

"எப்ப செத்துச்சு?"

"உறைஞ்சதுக்கு நாளும் கிழமையும் கிடையாது. போன வாரமா இருக்கலாம். போன வருஷமாவும் இருக்கலாம்."

வியாழன்

ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது. செத்தது கிழக்கிலிருந்து வந்த ஆண்.

இந்த நாட்டுக் காடுகளில் இன்று திரியும் ஓநாய்கள் எல்லாம், எப்போதோ கிழக்கிலிருந்து தப்பி வந்த விரல்விட்டு எண்ணக்கூடிய ஓநாய்களின் வம்சம். சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கட்டி, இப்போது எந்த இணையை எடுத்தாலும் அண்ணன் தங்கைக்கு நெருக்கமாக நிற்கிறது. முதுகெலும்பு கோணிய குட்டிகள் பிறக்கின்றன. புது ரத்தம் வர ஒரே வழி, ஓர் ஓநாய் ரஷ்யப் பக்கமிருந்து ஃபின்லாந்தைக் கடந்து, வடக்கே கலைமான் மேய்ச்சல் நிலத்தை உயிரோடு தாண்டி வருவது. அங்கே ஓநாயை யாரும் விட்டுவைப்பதில்லை. அபூர்வமாக ஒன்று தப்பி வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டால், அந்தக் காட்டில் குளிர்காலத்தில் உரிமம் வாங்கி ஓநாய் சுடும் வேட்டை கிடையாது. அவனுக்கும் இல்லை, அவனோடு சேர்ந்த பெண்ணுக்கும் இல்லை. இந்தக் குளிர்காலம் ஹோல்மா காட்டின் பெண் ஓநாய் அப்படித்தான் தப்பியது.

ஓநாய்த் தடம் பார்க்கும் தோரா கொட்டகைக்கு வந்தார். இருபது குளிர்காலமாக அந்தக் காட்டில் பனிச்சறுக்குக் கட்டையில் திரிந்து ஆய்வகத்துக்கு மாதிரி சேகரிப்பவர். அழவில்லை.

"சாக்க விலக்கு. பாதத்தைப் பாக்கணும்."

பாதத்தைக் கையில் ஏந்தி அளந்து பார்த்தார்.

"இவனை நான் ஒரு தடவைகூட நேர்ல பாத்ததில்ல. செப்டம்பர்ல சேத்துல தடம் பாத்தேன். அங்கயே எச்சமும் கிடைச்சுது. அக்டோபர்ல, எல்க் வேட்டை நடக்குறப்ப ஆய்வகத்துலேருந்து பதில் வந்துச்சு. கிழக்கு ரத்தம்னு. கடைக்கு ஓடிப்போய், விசேஷத்துக்கு வெட்டுற பச்சை நிற கேக் வாங்கி, அங்க நின்னவங்களுக்கெல்லாம் வெட்டிக் குடுத்தேன். ஹால்வார்கூட வாங்கித் தின்னான். இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு."

"அதுக்கப்புறம்?"

"குளிர்காலத்துல அஞ்சு எச்சம். அஞ்சும் இவனோடது. கடைசியா பிப்ரவரி முடிவுல எடுத்தேன்."

"தடத்தோட சேத்தா?"

"இல்ல. எல்லாம் பனி வாரின காட்டு ரோட்டுல. அங்க தடம் நிக்காது. ஓநாயும் சோம்பேறிதான் வெண்டெலா. நாம வாரி வச்ச ரோட்டுலதான் நடக்கும்."

பிப்ரவரி முடிவில் உயிரோடு இருந்தது. மார்ச் நடுவில் பெட்டிக்குள் கிடந்தது. அப்படியானால் இந்த இரண்டு வாரத்துக்குள் யாரோ சுட்டிருக்க வேண்டும். ஊர் முழுக்க ஒரே பெயரைத்தான் சொன்னது.

ஹால்வார் தொழுவத்தில் ஆடுகளுக்குக் குளம்பு வெட்டிக்கொண்டிருந்தார்.

"உன் துப்பாக்கிய எடுத்துட்டுப் போறேன்" என்றார் வெண்டெலா.

"எடுத்துக்க. எண்ணெய் போட்டுத் திருப்பிக் குடு."

"செப்டம்பர்ல எத்தனை ஆடு போச்சு?"

"ஒன்பது. தின்னது ஒண்ணரை, மிச்சத்தைச் சும்மா கடிச்சுப் போட்டுடுச்சு. பாதி உயிரோட ரெண்டு காட்டுக்குள்ள ஓடிடுச்சு. நாள் பூரா தேடினேன். தலை பூரா எல்க் ஈ. சனியன் பிடிச்ச பிராணி! வந்து உக்காந்த கையோட இறகை உதிர்த்துட்டு முடிக்குள்ள ஊர்ந்துடும். உறைபனி அடிச்சாத்தான் ஒழியும். வீட்டுக்காரி என்னை வாசல்லயே நிக்க வச்சுத் துணியெல்லாம் உரிச்சுட்டுத்தான் உள்ள விட்டா."

"ஆடு கிடைச்சுதா?"

"ஒண்ணு. நானே கழுத்த அறுத்தேன்." ஹால்வார் கத்தியைத் துடைத்தார். "ஓநாய் வேணும்னு சொல்றவங்க யாரும் அதைச் செய்ய வரல."

வேட்டைக் குழுத் தலைவர் ரூனேயின் வீடு ஏரிக்கரையில் கடைசி வீடு. முற்றத்தில் பனி வாரும் தகடு பொருத்திய டிராக்டர். மனைவி போய்ச் சில ஆண்டுகளாகத் தனியாக இருக்கிறார். அடுப்படியில் சாம்பல் நிற இளம் நாய் ஒன்று வெண்டெலாவின் பூட்ஸ் நாடாவைக் கடித்தது.

"வீட்டுக்கு ஆள் வந்தா ஏழு வகை பிஸ்கட் வைக்கணும்னு என் பொண்டாட்டி சொல்லுவா. போலீசுக்கு ரெண்டு வகை போதும்னு வச்சுட்டேன்."

"ரெண்டும் கடையில வாங்கினதா?"

"அதையும் கண்டுபிடிச்சுட்டியா! உன்கிட்ட எதையும் மறைக்க முடியாது போல."

சுவரில் ஒரு சட்டகம். கரடிக் கணக்கெடுப்புக்கு உதவியதற்கான பாராட்டு. வெண்டெலா பார்ப்பதைப் பார்த்து ரூனே நிமிர்ந்தார்.

"எங்க குழுதான் அதிகம் குடுத்துச்சு. எல்க் வேட்டைக்குப் போறப்பவே கரடி எச்சத்தைப் பொறுக்கிக் குழாய்ல போட்டு அனுப்பிடுவோம். அவ்வளவுதான் வேலை. எந்தக் கரடி, யாரோட பிள்ளைன்னு ஜாதகமே வந்துடும்."

"ஓநாய்?"

"என் பழைய நாய் ராஸ்க்கைத் தின்னுச்சு. கழுத்துப்பட்டைதான் கிடைச்சுது."

"அதனால கோபம்?"

"நாய் போனா வீட்டுல ஒரு சத்தம் போயிடுது. அதுக்குப் பேரு கோபமான்னு தெரியல."

"ஊளைச் சத்தம் இங்க கேக்குமா?"

"ஏரிக்கு அந்தப் பக்கம்தானே அவ இருக்கா, அந்தப் பெண் ஓநாய். குளிர்காலம் பூரா கேட்டுச்சு. ஒத்தைக் குரல். கூப்பிட்டுட்டு நிறுத்துவா. நிறுத்திட்டுக் காத்திருப்பா. அப்புறம் மறுபடி." ரூனே காபி ஊற்றினார். கோப்பை நிறைந்த பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

வெள்ளி

வெண்டெலாவின் மேசையில் அந்த ஈ குழாய்க்குள் கிடந்தது. சான்றுச் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்காக எடுத்தவர், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஹால்வாரை அவர் மனைவி வாசலில் நிற்க வைத்துத் துணி உரித்த காட்சி மனதில் வந்தது.

எல்க் ஈ. உட்கார்ந்தவுடன் இறகை உதிர்த்துவிடும் ஈ. இதற்கு இரண்டு இறகும் இருந்தன. ஈரமான ரத்தத்தில் வந்து இறங்கி, உதிர்க்க நேரமில்லாமல் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓநாயின் ரத்தம் வெளியே வந்த நேரத்தில் காட்டில் எல்க் ஈ பறந்துகொண்டிருந்தது. மார்ச்சில் அது பறக்காது. உறைபனிக்கு முன்னால், இலையுதிர்காலத்தில்தான் பறக்கும்.

உடனே அடுத்த கேள்வி வந்து நின்றது. ஓநாய் அக்டோபர் வாக்கில் செத்துவிட்டது என்றால், குளிர்காலத்து ஐந்து எச்சங்கள்? காணாமல்போன பெருங்குடல் அதற்குப் பதில் சொன்னது. யாரோ அதை உறைய வைத்து, துண்டு துண்டாகக் கொண்டுபோய் ரோட்டில் வைத்திருக்கிறார்கள். செத்தவனை உயிரோடு வைத்திருக்கிறார்கள். அந்தக் காட்டில் வேட்டை வேண்டாம் என்று யார் நினைப்பார்கள்? ஹால்வார் நினைக்கமாட்டார்; அவர் துப்பாக்கியைத் திருப்பி அனுப்பினார். ஐந்தையும் எடுத்துக் கொடுத்தது யார்?

மாலைக்குள் தோராவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். இருபது ஆண்டு ஓநாய்க் கணக்கும் இனி நம்பத்தக்கதல்ல என்று ஒரு செய்தித்தாள் எழுதியது. தோராவின் மாதிரிகளை வைத்துத்தான் ஓநாய்கள் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பது தெரியும். அதை வைத்துத்தான் எத்தனை சுடலாம், எத்தனை கூடாது என்பது முடிவாகும். அவர் பொய்க்காரி என்றால் அந்தக் கணக்கு மொத்தமும் சரியும்.

வெண்டெலா அவர் வீட்டுக்குப் போனார்.

"நான் வைக்கல" என்றார் தோரா.

"நம்பணும்னா எனக்கு ஏதாவது வேணும்."

"காலையில வா. சறுக்குக் கட்டை இருக்குல்ல? அந்தப் பெண் ஓநாய் தடத்துல போவோம். நான் எப்படி வேலை செய்யறேன்னு பாரு. வேற எதுவும் எங்கிட்ட இல்ல."

சனி

புதுப் பனியில் பெண் ஓநாயின் தடம் சதுப்பைக் கடந்து, கோடு போட்டதுபோல் போயிற்று. ஒற்றைத் தடம். ஒரு பைன் கன்றின் அடியில் பனி மஞ்சளாகி, நடுவில் ரோஜா நிறம் படிந்திருந்தது. தோரா மண்டியிட்டுச் சிறு கரண்டியால் அதை அள்ளிப் பையில் போட்டார்.

"ரத்தம். இணை சேர்ற காலம்" என்றார். "யாருமில்லாம தனியா."

"எச்சம் போதாதா? மூத்திரத்தை எதுக்கு அள்ளுற?"

"எச்சம் கரடிக்குப் போதும். அது பனி விழறதுக்கு முன்னாடி எடுக்குற கணக்கு. ஓநாய்க் கணக்கு பனியில. இங்க எச்சம் எப்பவாவதுதான் கிடைக்கும், ஆனா மூத்திரம் மரத்துக்கு மரம் இருக்கும். அதுவும் ஆணா இருந்தா, கண்ட மரத்துலயும் காலைத் தூக்கிட்டுத்தான் போவான்."

வெண்டெலா நின்றார்.

"அவனோடது எத்தனை கிடைச்சுது, இந்தக் குளிர்காலத்துல?"

தோரா பையின் வாயைக் கட்டினார். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"ஒண்ணுகூட இல்ல."

"உனக்கு அது உறுத்தலையா?"

"உறுத்துச்சு. டிசம்பர்லயே உறுத்துச்சு." அவர் தடம் போன திசையையே பார்த்தார். "நான் கேக்கல, வெண்டெலா. கேட்டா பதில் வந்துடுமே."

திங்கள், பகல்

வேட்டைக் குழுவின் குடிசையில் அடுப்பு எரிந்தது. வெண்டெலா மூன்று பேரை அழைத்திருந்தார். ஹால்வார் கதவருகே நின்றார். தோரா கோட்டைக் கழற்றவில்லை. ரூனே வழக்கம்போலக் காபி போட்டார்.

"மூணு பேருக்கும் ஒரே நேரத்துல விலங்கு மாட்டவா இந்த விருந்து?" என்றார் ஹால்வார்.

"ஒரு ஜோடிதான் கொண்டுவந்தேன். உக்காரு." வெண்டெலா மேசையில் ஈயை வைத்தார். "இது உன்னைக் காப்பாத்தின ஈ, ஹால்வார். இனிமே திட்டாத. ஓநாய் செத்தது எல்க் வேட்டைக் காலத்துல. அப்ப குளிர்கால எச்சமெல்லாம் யாரோ வச்சது. எல்லாரும் தோராவைப் பாத்தாங்க. நானும் பாத்தேன்."

"நியாயம்தானே?" என்றார் ஹால்வார்.

"தோரா வைக்கிறதா இருந்தா எப்படி வச்சிருப்பா? அவளோட வேலையில எச்சம் கொசுறு, மூத்திரம்தான் உயிர். செத்தவனோட மூத்திரப்பைய மருத்துவர் வெட்டிப் பாத்தார். நிறைஞ்சிருந்துச்சு, யாரும் தொடல. ஒரு ஓநாயை உயிரோட காட்டணும்னா அவ முதல்ல அதைத்தான் எடுத்திருப்பா. அந்த ஓநாய வச்சு நாடகம் போட்ட ஆளுக்கு, எச்சம் மட்டும் போதும்னு நினைப்பு. அப்படி யார் நினைப்பாங்க? இலையுதிர்காலத்துல மட்டும் பொறுக்கிப் பழகினவங்க. கரடிக்குப் பொறுக்கினவங்க."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. ரூனே எழுந்து அதை நேராக வைத்தார்.

"அஞ்சு எச்சமும் வாரின ரோட்டுல, வாரின பனிக்கு மேல கிடந்துச்சு. பக்கத்துல மனுஷன் காலடி கிடையாது. பனி வாருற டிராக்டர்ல உக்காந்தபடியே போட்டா காலடி விழாது. அப்புறம் நீயே எங்கிட்ட ஒண்ணு சொன்ன, ரூனே. குளிர்காலம் பூரா ஒத்தைக் குரல்னு. ஊரே அவளுக்கு ஜோடி இருக்குன்னு நம்பிட்டிருந்துச்சு. பதில் வராதுன்னு தெரிஞ்சவனுக்குத்தான் அவ காத்திருக்கறது காதுல விழும். அவனைச் சுட்டதும் நீ, உயிரோட வச்சிருந்ததும் நீ."

"இவனா?" ஹால்வார் ரூனே பக்கம் திரும்பினார். "ஓநாய்க்கு எதிரா மனு எழுதினதே இவன்தானே!"

ரூனே கரண்டியால் காபியைக் கலக்கினார். அவர் சர்க்கரை போடுவதில்லை.

"புது நாய் எல்க்கை நிறுத்திக் குரைச்சிட்டிருந்துச்சு. ஓநாய் அது பக்கமா வந்துச்சு. பாயல. நின்னு பாத்துச்சு, அவ்வளவுதான். எனக்கு ராஸ்க் ஞாபகம் வந்துடுச்சு. நான் காத்திருக்கல." நிறுத்தினார். "வேட்டை முடியட்டும், புதைச்சிடலாம்னு பெட்டில போட்டேன். ரெண்டு நாள் கழிச்சுக் கடைக்குப் போனேன். தோரா கேக்கோட நிக்கிறா."

தோரா நிமிர்ந்து பார்த்தார்.

"இருபது வருஷமா உன்னைப் பாக்கறேன், தோரா. கடைக்கு வந்தா ரொட்டி வாங்கிட்டுத் தலைகுனிஞ்சு போயிடுவ. அன்னிக்குச் சிரிச்ச. 'சாப்பிடு ரூனே, வந்துட்டான்'ன. என் கையில தட்டைக் குடுத்த. நான் சாப்பிட்டேன்."

ரூனே கரண்டியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்குச் சொல்லியிருக்கணும். வாயில வரல. அப்புறம் ஜனவரி ஓநாய் வேட்டை நெருங்குச்சு. அவன் இல்லேன்னு தெரிஞ்சா அவளையும் சுடுவாங்க. சுடச் சொல்லி முன்னாடி நிக்க வேண்டியவன் நானே. அதான் இப்படிப் பண்ணினேன். நீ போற ரோடா பாத்து வச்சேன், தோரா. உனக்குக் கிடைக்கணும்னு."

"எனக்கு ஒவ்வொண்ணும் கிடைச்சப்ப..." என்று தொடங்கிய தோரா முடிக்கவில்லை. எழுந்து வெளியே போனார். சன்னலில் அவர் சறுக்குக் கட்டைகளை மாட்டத் தடுமாறுவது தெரிந்தது. ஹால்வார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே போய்க் குனிந்து மாட்டிவிட்டார்.

மே

தோராவை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஐந்து மாதிரிகள் மட்டும் கணக்கிலிருந்து நீங்கின, மற்றவை நின்றன. ரூனேக்கு மறுவாரம் நீதிமன்றம். சிறை உறுதி என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். துப்பாக்கிகளை முன்பே ஒப்படைத்தாயிற்று. நாயை ஹால்வார் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

தோரா ரூனேயின் வீட்டுக்கு வந்தது அதுவே முதல் முறை. ரூனே படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். இந்தக் கோடையில் அந்தப் படகு தண்ணீரைப் பார்க்கப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"அவளுக்கு ஜோடி வந்திருக்கு" என்றார் தோரா. "கடைசிப் பனியில பாத்தேன். ரெண்டு தடம். மரத்துக்கு மரம் காலைத் தூக்கியிருக்கான்."

தூரிகை நின்றது. அந்த முகத்தில் எழுந்ததைப் பார்க்க முடியாமல் தோரா ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அள்ளினியா?"

"அள்ளினேன். அனுப்பியாச்சு."

"யாரு அவன்? கிழக்கா?"

ஆய்வகத்திலிருந்து அன்று காலைதான் பேசியிருந்தார்கள். கிழக்கு இல்லை. பக்கத்துக் காட்டில், அவள் பிறந்த அதே ஈற்றில் பிறந்தவன். கூடப்பிறந்த சகோதரன்.

"இன்னும் பதில் வரல" என்றார் தோரா.

ரூனே தலையாட்டினார். தூரிகையைத் தாரில் முக்கி, ஓரத்தில் வழித்து, விட்ட இடத்திலிருந்து மெதுவாகப் பூசத் தொடங்கினார்.

"வரட்டும்" என்றார். "அவசரம் என்ன. காத்திருக்கலாம்."